ஐந்து விளக்கும் ஒரே சுவிச்சும்

எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்த அன்று மதுரையிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருக்கும். ஒரே வாரத்தில் அதை அதிகம் சபித்தவளும் நானே.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்தொன்பது வயது. பதினைந்தில் கல்யாணம் ஆகி, பதினேழில் தாலி இறங்கி, அய்யா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். அழவேண்டிய அளவுக்கு அழுதாயிற்று. அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் ஆக வேண்டும். அதற்கு டிரெயினிங்கில் சேர வேண்டும். சேர்வதற்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை தேறியிருக்க வேண்டும். நானோ ஐந்தாவதோடு நின்றவள். பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா, வீட்டிலிருந்தே படித்து எழுதலாம் என்று சொல்லி, கிழிந்த புத்தகங்கள் ஒரு கட்டுக் கொடுத்தார்.

அய்யாவிடம் போய் நின்றேன். அவர் பருத்தி மண்டி வைத்திருந்தார். எதையும் இரண்டு தடவை பேச மாட்டார்.

"ஒரு வருசம். ஒரே தடவ. தேறுனா போய்ப் படி. தேறலேன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கப்படாது" என்றார்.

அந்த ஒரு வருஷத்தில்தான் கரண்டு வந்தது.

பகலில் எனக்குப் படிக்க நேரம் கிடையாது. இடிக்க, அரைக்க, தண்ணீர் சேந்த, அண்ணன் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள என்று பொழுது போய்விடும். விளக்கு வைத்த பிறகு கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் என்னுடையது. சாமான் அறையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட்டு, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். புகை கண்ணைக் கரிக்கும். காலையில் மூக்கைத் துடைத்தால் துணி கறுப்பாகும். அதனால் வண்டியூர்த் தெப்பக்குளம் போகும் ரோட்டில் கம்பம் நட ஆரம்பித்ததுமே, என் பரீட்சைக்காகத்தான் நடுகிறார்கள் என்பது போல நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்து விளக்கு போடுவதென்று அய்யா முடிவு செய்தார். வாசல் நடைக்கு ஒன்று, அவர் சாய்வு நாற்காலி கிடக்கும் முன்னறைக்கு ஒன்று, பட்டாசாலை என்கிற நடுக்கூடத்துக்கு ஒன்று, சாமி அறைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. சாமான் அறையைப் பற்றி வயர்மேன் கேட்டபோது, "மூட்டைக்கு எதுக்கு வெளக்கு?" என்று சொல்லிவிட்டார். மூட்டைகளோடு மூட்டையாக நானும் அங்கேதான் கிடக்கிறேன் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. வேண்டுமென்று செய்ததில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்து வயர்மேன் கேட்டது சுவிச்சைப் பற்றி. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொன்று போடலாம், தேவையானதை மட்டும் எரிக்கலாம் என்றார். அய்யா சிரித்தார்.

"வெளக்கேத்துறது ஒரு கையி. ஏத்துறது ஒரு நேரம். அஞ்சு சுவிச்சு எதுக்கப்பா? ஒன்னு போதும்."

ஆத்தாவும் உள்ளேயிருந்து ஒத்து ஊதினாள். "ஒரு வெளக்கு எரிய, ஒரு வெளக்கு செத்துக் கெடந்தா வீட்டுக்கு ஆகுமா? எரிஞ்சா எல்லாம் சேந்து எரியணும்."

வயர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, நடையில் வாசற்படியை ஒட்டி ஒரே ஒரு சுவிச்சைப் பொருத்திவிட்டுப் போனார். கறுப்பாக, தடியாக, நாவல்பழத்துக்கு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது. ஆத்தா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். விளக்கை ‘அணை’ என்று சொல்வது அபசகுனம், ‘குளிர வை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்களை வளர்த்தவள் அவள். ‘ஆஃப்’ என்ற சொல்லைக் கேட்டதும் இதில் ஒரு குற்றமும் இல்லை என்று உடனே அனுமதித்துவிட்டாள்.

இந்த இடத்தில் என் மதினியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் பெண்டாட்டி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். எழுமலைப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். கைநாட்டு. மாமனார் முன்னால் வந்து நிற்க மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று மாமியாரிடம் சொல்வாள், மாமியார் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு எழுத்துப் படித்த திமிரில் நான் அவளை ஒரு அப்பாவி என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வீட்டு விளக்கை ஏற்றுவது மருமகள் வேலை. மதினி கைகால் கழுவி, பூ வைத்துக்கொண்டு வந்து சுவிச்சைப் போட்டாள். ஐந்தும் ஒரே நொடியில் எரிந்தன. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எல்லோரும் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பின்கட்டில் நின்று கும்பிட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் நான் எதிரே வரக்கூடாது. ஊரில் இருந்தவரை எங்கள் சனத்தில் இந்த ஆசாரமெல்லாம் அவ்வளவு கிடையாது. டவுனுக்கு வந்து நாலு பேர் மதிக்க ஆரம்பித்த பிறகு அய்யா வீட்டுக்குச் சாய்வு நாற்காலி வந்த மாதிரி இதுவும் வந்து சேர்ந்தது.

கும்பிட்டு முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பட்டாசாலைக்கு ஓடினேன். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பல்பு உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று அவ்வளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் கீழே வந்து சேர்வதற்குள் களைத்துப்போனது. குனிந்து படித்தால் என் தலையின் நிழலே புத்தகத்தில் விழுந்தது. சரி, இதிலாவது படிப்போம் என்று பக்கத்தைப் புரட்டினால், எட்டரை மணிக்கு அய்யா சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நடைக்குப் போய்ச் சுவிச்சைத் தட்டினார். வீடு முழுக்கக் குப்பென்று இருட்டு. கரண்டு வந்த வீட்டில் சீமெண்ணெய் வாடை அடிக்கலாமா என்று ஆத்தா அரிக்கேனை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். இருந்த புகை விளக்கும் போயிற்று.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். டீச்சரம்மா வைத்த கணக்குச் சோதனையில் பாதிக்கு மேல் தப்பு. "போன மாசம் நல்லாத்தானே போட்டே?" என்று கேட்டார். விளக்கு வந்ததால் இருட்டில் படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து அம்மியில் மிளகாயை வைத்து, என் கோபத்தையும் சேர்த்து அரைத்தேன்.

மதினி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தாள். விளக்கைப் போட்டதும், மறுநாள் சமையலுக்கான அரிசியைச் சொளகில் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் உட்கார்ந்தாள். பட்டாசாலையில் நடுவில் கொஞ்ச நேரம். அப்புறம் சுவரோரம். முன்னறையில் அய்யா மண்டியிலிருந்து வருவதற்குள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில். சாமி அறையில். அடுப்படியில் அடுப்பைப் பார்த்து ஒரு தடவை, முதுகைத் திருப்பி ஒரு தடவை. ஒவ்வொரு இடத்திலும் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினாள். பித்துப் பிடித்துவிட்டதா என்று எனக்குத் தோன்றியது.

"என்ன மதினி, வீடு பூராம் அரிசிக்குச் சுத்திக் காட்டுறீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

அவள் நிமிரவில்லை. "அரிசியில கல்லு தெரியுற எடத்துல ஒனக்கு எழுத்தும் தெரியும்ல, தாயி?"

அவள் பொறுக்கிய கற்களைத் தரையில் குவித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னறையிலதான் வீட்டுலயே பெரிய பல்பு. அங்கன ஒரு கல்லும் அம்புடல. சாமி ரூம்புல இருக்கது சின்னது. அங்கன பாரு, எம்புட்டுக் கல்லுன்னு. அங்க மச்சு தணிவு, வெளக்கு எறங்கித் தொங்குது. அம்புட்டுத்தான். அடுப்படி வெளக்கு முதுகுக்குப் பின்னால இருக்கு. சட்டிக்குள்ள எட்டிப் பாத்தா என் தலைதான் தெரியுது. வெளக்கு மேல நின்னா பெருமைக்கு, எறங்கி வந்தாத்தான் வேலைக்கு."

இன்னொன்றும் சொன்னாள். அரிக்கேனை வைத்துப் பொறுக்கிய காலத்தில் அதை எப்போதும் இடப்பக்கம்தான் வைப்பாளாம். வலப்பக்கம் வைத்தால் பொறுக்குகிற கையின் நிழல் அரிசி மேல் விழும். "நீயும் வலங்கையிலதான எழுதுற? ஒனக்கும் எடப்பக்கந்தான் வேணும்." எழுதத் தெரியாதவள் எழுதுகிறவளுக்கு விளக்கு எந்தப் பக்கம் வேண்டுமென்று சொல்கிறாள். பள்ளிக்கூடம் கட்டிய இன்ஜினீயர்கள் பலருக்கு இது தெரியாது என்பதை நான் பிற்பாடு நாற்பது வருஷம் அந்தக் கட்டிடங்களில் நின்று பாடம் நடத்தித் தெரிந்துகொண்டேன்.

சரி, மதினிக்குத் தெரிந்துவிட்டது. அய்யாவுக்கு எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து அய்யா சாப்பிடும்போது நறுக்கென்று கல்லைக் கடித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கூப்பாடு. "கல்லுக்கூடப் பொறுக்க மாட்டாம என்னத்தப் பாக்குறீக? இம்புட்டு வெளக்கு எரியுது, இன்னும் என்ன வேணும்?"

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து மதினி குரல் வந்தது. நிதானமாக வந்தது.

"அத்தை, மாமாகிட்டச் சொல்லுங்க. மண்டியில பஞ்சு தரம் பாக்குறதுக்கு மாமா வடக்குச் சன்னல் வச்சிருக்காக. வெயில்ல வச்சும் பாக்க மாட்டாக, இருட்டுல வச்சும் பாக்க மாட்டாக. பஞ்சுக்கு வெளிச்சம் எப்பிடி வரணும்னு அவுகளுக்குத் தெரியும். அரிசிக்கும் அப்பிடித்தான்."

ஆத்தா திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். அய்யா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அடுப்படிக்குள் நுழைந்தார். மதினி ஒதுங்கிப் பின்வாசலுக்குப் போய்விட்டாள். அய்யா மணையில் உட்கார்ந்து சொளகை மடியில் வைத்துக்கொண்டு அரிசியைப் பார்த்தார். பஞ்சைப் பார்க்கிற அதே பார்வை. அங்கிருந்து எழுந்து பட்டாசாலை, முன்னறை என்று சொளகோடு நடந்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று மேலே பல்பைப் பார்த்தார்.

"சரக்கு இருக்க எடத்துல வெளிச்சம் இல்ல. உத்தரத்துக்குல்ல வெளிச்சம் போட்டிருக்கோம்" என்றார். அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி எனக்குப் போய்விட்டது.

அந்தக் கல் தானாக வந்ததா என்று மதினியிடம் தனியாகக் கேட்டேன். "நான் போடுவனா? பொறுக்காம விட்டாப் பத்தாதா?" என்றாள்.

வயர்மேன் திரும்பி வந்தார். இந்தத் தடவை மதினி கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, ஆத்தா அதை வெளியே சொல்ல, வேலை நடந்தது. பட்டாசாலை விளக்கு நீள வயரில் கீழே இறங்கியது. மேலே வெள்ளையாக ஒரு கண்ணாடித் தொப்பி வந்தது. அடுப்படி விளக்கு அடுப்புக்கு நேரே, சமைக்கிறவளின் தோளுக்கு முன்னால் வந்தது. முன்னறைப் பெரிய பல்பைக் கழற்றிவிட்டு அய்யா நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சின்னதாக ஒன்று போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிச்சு. வயர்மேன் பாதி வேலையில் என்னிடம் மெதுவாக, "யாரு இதையெல்லாம் சொல்லித் தர்றது? எந்த ஆபீசுல வேலை பாக்குறாக?" என்று கேட்டார். எங்கள் மதினிதான் என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சாமான் அறைக்கும் ஆறாவதாக ஒன்று வந்தது. அதற்கு முந்தின நாளே மதினி மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி, கறுத்துக் கிடந்த சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்திருந்தாள். "செவரு வெள்ளையா இருந்தா ஒரு வெளக்கு ரெண்டா எரியும்" என்றாள். பழைய பெட்டி மேல் பலகை. பலகைக்கு இடப்பக்கம், கண்ணுக்குக் கூசாத உயரத்தில் பல்பு. அன்று சாயங்காலம் அதன் கீழே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தபோது, எழுத்துகள் எல்லாம் என்னைப் பார்த்து எழுந்து நின்ற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. என் அறைச் சுவிச்சை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டாள் ஆத்தா. தாலி இல்லாதவள் கை விளக்கேற்றக்கூடாது. தினமும் மதினி வந்து போட்டுவிட்டுப் போவாள். படித்து முடித்ததும் நான் குரல் கொடுக்க வேண்டும், அவள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து குளிர வைப்பாள். நான் எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் முகம் சுளித்ததில்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மதினி இரண்டாவது பிரசவத்துக்கு, மூத்ததையும் கூட்டிக்கொண்டு தாய் வீடு புறப்பட்டாள். அவள் முழுகாமல் இருந்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் போகும் நாள் குறித்ததும் என் விளக்கின் கதி என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். மற்ற விளக்குகளை ஆத்தா போட்டுவிடுவாள். என் விளக்கையும் போடுவாள், ஞாபகம் இருந்தால். ஒன்பது மணிக்கு ஆஃப் பண்ணியும் விடுவாள், நான் பாதிக் கணக்கில் இருந்தாலும். கேட்கப் போனால், "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும்" என்பாள். இந்த ஒரு தடவை தவறினால் மறுதடவை கிடையாது என்று அய்யா சொல்லியிருந்தது தினமும் காதில் ஒலித்தது.

புறப்படுகிற அன்று பிற்பகல் மதினியின் அண்ணன் வாசலில் வண்டியோடு நின்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி, அங்கிருந்து எழுமலைக்குப் பஸ். எல்லோரும் நடையில் கூடியிருந்தோம். நான் வழக்கம்போலப் பின்னால், சகுனத்துக்குக் குறுக்கே வராமல். மதினி வளையல் குலுங்க வந்து, வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அத்தை, வெளக்கு மொகத்துல முழிச்சிட்டுப் போறேன்" என்றாள். நடை பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஆத்தா, "நல்லதும்மா, போடு" என்றாள்.

மதினி சுவிச்சுக்குப் பக்கத்தில் போகவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "தாயி, இங்கிட்டு வா" என்று என்னைக் கூப்பிட்டாள். "நீ போடு. நான் பாத்துட்டுப் போறேன்."

ஆத்தா பதறிப்போனாள். "என்ன சொல்ற? வாயும் வயிறுமா நிக்கிற. போற நேரத்துல..."

மதினி அன்றைக்குக் கதவைத் தேடவில்லை. மாமனார் எதிரிலேயே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வயித்துப் புள்ளைக்காகத்தான் அத்தை சொல்றேன். இந்த வீட்டு வெளக்கு மருமக கைப் பொறுப்பு. நான் திரும்பி வாரது வரைக்கும் என் பொறுப்ப இவகிட்டக் குடுத்துட்டுப் போறேன். இவளுக்கு விடிஞ்சாத்தான் எனக்கு நிம்மதியாப் பேறு ஆகும்."

நிறைமாதத்துக்குப் போகிற பெண் தன் வயிற்றையே பணயமாக வைத்துவிட்டு நின்றாள். அய்யா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அந்த ஒரு கணம் நானே பயந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படித்தவள் நான்.

ஆத்தாதான் கடைசியில் பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கையக் கழுவிட்டு வந்து போடு."

கழுவிக்கொண்டு வந்து போட்டேன். எல்லோரும் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மதினி மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

வாசல் விளக்கைப் போட்ட கைக்கு உள் அறை விளக்கை யார் மறுக்க முடியும்? அந்த இரண்டு மாதமும் நானே போட்டு, நானே நிறுத்திப் படித்தேன்.

மே மாதத்தில் டீச்சரம்மா வந்து, தேறிவிட்டேன் என்று சொன்னார். மறுநாளே நானும் ஆத்தாவும் எழுமலைக்குப் பஸ் ஏறினோம். மதினிக்குப் பெண் குழந்தை பிறந்து முப்பது நாள் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். உள்ளறைக் கட்டிலில் மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுச் சனம் என்னைச் சுற்றிக்கொண்டு எத்தனை மார்க்கு, எந்த ஊரில் வேலை, எவ்வளவு சம்பளம் என்று துளைத்தது. அவள் ஒன்றும் கேட்காமல் எல்லோரும் ஓயட்டும் என்று காத்திருந்தாள். பிறகு குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வெளிச்சம் பத்துச்சா, தாயி?"

வழியெல்லாம் அவளுக்குச் சொல்ல என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். பத்துச்சு மதினி என்று மட்டும் சொன்னேன். குழந்தையின் மேல் குனிந்துகொண்டு அழுதேன்.